நிற்கும் வண்டியும் நிற்காத வரியும்

வைகாசி முடிந்து ஆனி பிறந்தால் தென்காசிச் சீமைக்குப் புது இரத்தம் பாய்கிறது! பொதிகைத் தொடரின் முகட்டிலே மேகம் முட்டுகிறது, சாரல் சிதறுகிறது, பேரருவி முழங்குகிறது, ஐந்தருவி ஆர்ப்பரிக்கிறது, பழைய அருவி பாய்கிறது. மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் மக்கள் திரள் திரளாக வருகிறார்கள். அவர்களை ஏற்றிச் செல்ல வேனும் காரும் ஆட்டோவும் இராப்பகல் ஓடுகின்றன. விடுதிக்காரர் முகத்திலே சிரிப்பு. பழக்கடைக்காரர் முகத்திலே பூரிப்பு. வண்டிக்காரர் கையிலே நாலு காசு!

ஆவணி கழிகிறது. சாரல் ஓய்கிறது. அருவி மெலிந்து நூலாகிறது. வந்தவர்கள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். வண்டி நிற்கிறது. வீட்டுப் பக்கத்திலே, வேப்பமரத்தடியிலே, தார்ப்பாய் போர்த்திக்கொண்டு, அடுத்த கூட்டத்தை எதிர்பார்த்து நிற்கிறது.

வண்டி நிற்கிறது, ஆனால் வரி நிற்கிறதா? இல்லை! இன்சூரன்ஸ் நிற்கிறதா? இல்லை! பைனான்ஸ்காரரின் டியூ நிற்கிறதா? அது நின்றதாக வரலாறே இல்லை! சக்கரம் சுழலாத மாதத்திலும் சர்க்காரின் கணக்கு மட்டும் சுழன்றுகொண்டே இருக்கிறது. இது முறையா என்று கேட்கத்தான் இந்த ஏட்டிலே இன்று இடம் எடுத்துக்கொள்கிறோம்.

சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. வாங்கும்போதே ஆயுள் வரி என்று மொத்தமாகக் கட்டிவிடுகிறார். 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட காருக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு. இருபது லட்சத்துக்கு மேற்பட்டதற்கு நூற்றுக்கு இருபது. கட்டியது கட்டியதுதான். கார் ஓடினாலும் ஒன்று, கொட்டகையிலே உறங்கினாலும் ஒன்று. நாம் இன்று பேசுவது அவரைப் பற்றி அல்ல; வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவரைப் பற்றி, அதிலும் காலாண்டுக்கு ஒருமுறை வரி கட்ட வேண்டிய வேன்காரரையும் பேருந்துக்காரரையும் பற்றி.

காலாண்டு என்பது எது? ஏப்ரல் முதல் ஜூன், ஜூலை முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் டிசம்பர், ஜனவரி முதல் மார்ச். கச்சேரிக் கணக்குக்கு இது கச்சிதமாகத்தான் இருக்கிறது! ஆனால் குற்றாலத்து அருவிக்கு இந்தக் கணக்குத் தெரியுமா? சீசன் ஜூனிலே தொடங்குகிறது. ஜூன் ஒரு காலாண்டிலே. ஜூலையும் ஆகஸ்டும் அடுத்த காலாண்டிலே. பிறகு ஐயப்பன் மலைக்குப் போவோரின் கூட்டம். கார்த்திகை பிறந்தால் செங்கோட்டை வழியே சபரிமலை நோக்கி வண்டிகள் ஓடும். போகிறவர்களும் வருகிறவர்களும் குற்றாலத்திலே குளிப்பார்கள். அந்தக் கூட்டம் நவம்பர் நடுவிலே தொடங்கி ஜனவரி நடுவிலே முடியும். நவம்பரும் டிசம்பரும் மூன்றாம் காலாண்டு. ஜனவரியோ நான்காம் காலாண்டு!

தோழர்களே, விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள். அருவிக் கூட்டம் மூன்று மாதம். ஐயப்பன் கூட்டம் இரண்டு மாதம். கூட்டினால் ஐந்து. இந்த ஐந்து மாதமும் நான்கு காலாண்டுகளிலும் ஒட்டி நிற்கின்றன. ஆகவே சீசனை நம்பி வாழும் வண்டிக்காரர் ஐந்து மாதப் பிழைப்புக்குப் பன்னிரண்டு மாத வரி கட்டவேண்டியவராகிறார்! இடையிலே கல்யாணச் சவாரி உண்டு, ஆஸ்பத்திரிச் சவாரி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு முகூர்த்தத்துக்காக மூன்று மாத வரியா?

சீசனாவது நிச்சயமா? அதுவும் இல்லை. 2020லும் 2021லும் கொரோனா ஊரடங்கு அருவிக்கரையையே பூட்டி வைத்தது. அந்தக் காலத்திலே பதிவுச் சான்று, தகுதிச் சான்று, பர்மிட் ஆகியவற்றின் ஆயுளை 2021 அக்டோபர் வரை படிப்படியாக நீட்டினார்கள். காகிதத்தின் ஆயுள் நீண்டது, வண்டிக்காரரின் வயிறு வாடியது! 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியிலே திடீர் வெள்ளம் வந்து ஓர் இளம் உயிரைக் கொண்டுபோனது. அதன்பின் வெள்ளம் என்றால் குளிக்கத் தடை போடுகிறார்கள். உயிர் காக்கும் தடை, அதைக் குறைசொல்ல மாட்டோம். ஆனால் தடை விழுந்த நாளிலே சவாரியும் விழுந்துவிடுகிறதே!

“ஏனய்யா இவ்வளவு புலம்பல்? ஓட்டாத காலாண்டுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் தீர்ந்தது!” என்பார் கோப்பு புரட்டும் நண்பர். உண்மைதான். வண்டியை நிறுத்தி வைப்பதாக ஆர்.டி.ஓ. ஆபீஸிலே எழுதிக் கொடுக்க வழி இருக்கிறது. தொழிலிலே இருப்பவர்கள் அதை ‘ஸ்டாப்பேஜ்’ என்பார்கள். அதன் உயிர் ‘முன்கூட்டி’ என்ற சொல்லிலேதான் இருக்கிறது. வண்டி நின்ற பிறகு போய், “ஐயா, மூன்று மாதம் நின்றது, வரியைக் கழியுங்கள்” என்றால் கழிக்க மாட்டார்கள். 1987ல் கர்நாடக வழக்கு ஒன்றிலே உச்சநீதிமன்றமே, பதிவு நடப்பிலே இருக்கும்வரை வரியும் உண்டு, ஓட்டவில்லை என்று வெறும் வாயால் சொல்லித் தப்ப முடியாது என்ற பொருளிலே தீர்ப்பளித்தது. ஆகவே முதலிலே நம் தோழர்களுக்குச் சொல்கிறோம்: நிறுத்துவதென்று முடிவு செய்தால் எழுதிக் கொடுங்கள், கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், எழுதிக் கொடுத்தபின் ஒரு சவாரிக்குக்கூட வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

புளியரைச் சோதனைச் சாவடியைத் தாண்டி ஆரியங்காவு பக்கம் போய்க் கேளுங்கள். அங்கே பேருந்து முதலாளி முதல் வேன் ஓட்டுநர் வரை ‘ஜி பாரம்’ என்றால் தெரியும். கேரளத்து மோட்டார் வரிச் சட்டப்படி, வண்டியை ஓட்டப் போவதில்லை என்று தெரிவிக்கும் படிவம் அது. 2020ல் சுற்றுலாப் பேருந்துக்காரர்கள் கூட்டம் கூட்டமாக அதைத்தான் கொடுத்தார்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். எல்லைக்கோடு நகர்ந்தது, நல்லது. ஆனால் அந்தப் பக்கத்து வண்டிக்காரர் நாவிலே சரளமாகப் புரளும் ஓர் உரிமை, இந்தப் பக்கத்து வண்டிக்காரர் காதிலே இன்னும் புதுச்செய்தியாக விழுகிறதே, ஏன்? சட்டம் இருந்தால் போதுமா? சாமானியனுக்குத் தெரிய வேண்டாமா?

இனி அடிப்படைக்கு வருவோம். மோட்டார் வரி எதற்காக? சாலைக்காக. சாலை போட, செப்பனிட, பாலம் கட்ட, பராமரிக்க. சாலையைப் பயன்படுத்துவோன் தருகிறான், தரவேண்டியதுதான். அப்படியானால் சாலையிலே கால் வைக்காத வண்டி எதற்குத் தரவேண்டும்? இது நம் வாதம் மட்டுமல்ல. 2025 ஆகஸ்ட் 29 அன்று உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. விசாகப்பட்டினம் உருக்காலையின் மதிலுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த சரக்கு வண்டிகளுக்கு ஆந்திர அரசு வரி கேட்டது. ‘பொது இடத்திலே ஓடாத, பொது இடத்திலே ஓட்டுவதற்கென வைத்திருக்காத வண்டி, பொதுச் சாலையால் பயன் பெறவில்லை, ஆகவே அந்தக் காலத்துக்கு வரிச்சுமை கூடாது’ என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆந்திரச் சட்டத்தின் வாசகத்தை வைத்துச் சொன்ன தீர்ப்புத்தான். அதைக் கையிலே பிடித்துக்கொண்டு நாளையே வரி கட்டாமல் இருந்துவிடாதீர்கள்! ஆனால் நியாயம் ஆந்திரத்துக்கு ஒன்று, தமிழகத்துக்கு ஒன்று என்று இருக்க முடியுமா? பெரிய ஆலையின் மதிலுக்குள்ளே நின்ற நியாயம், வேப்பமரத்தடியிலே தார்ப்பாய்க்கு அடியிலே நிற்காதா?

வரியைப் பற்றி இவ்வளவு சொன்ன நாம், இன்சூரன்ஸ் பற்றி வேறு குரலிலே பேசப் போகிறோம். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். “வண்டிதான் நிற்கிறதே, இன்சூரன்ஸ் எதற்கு?” என்று அதை முதலிலே விட்டுவிடுகிறார்கள், வரிக்கு எழுதிக் கொடுப்பதை மறந்துவிடுகிறார்கள். விடக்கூடாததை விட்டு, விடவேண்டியதைப் பிடித்துக்கொள்கிறார்கள்!

வரி சாலைக்குத் தரும் கடன். மூன்றாம் நபர் காப்பீடு சக மனிதனுக்குத் தரும் கடன். வண்டியினால் அடிபடும் அந்நியன், அந்த விதவை, அந்த அனாதைக் குழந்தை, இவர்கள் தெருவிலே நிற்கக்கூடாது என்பதற்காக ஏற்பட்டது அது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, காப்பீடு இல்லாத வண்டியைப் பொது இடத்திலே பயன்படுத்தக்கூடாது என்கிறது. மீறினால் 196ஆம் பிரிவின்படி முதல் தடவை இரண்டாயிரம் ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மீறினால் அபராதம் நாலாயிரம்.

“பொது இடத்திலே பயன்படுத்தினால்தானே? நிறுத்தித்தானே வைத்திருக்கிறேன்?” என்பீர்கள். எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. 1987ல் மராட்டியத்திலே கவாத்தே என்ற ஊருக்கு அருகே ஒரு பெட்ரோல் டாங்கர் லாரி கவிழ்ந்து கிடந்தது. பெட்ரோல் கசிந்தது, சுமார் நான்கு மணி நேரம் கழித்து வெடித்தது, உயிர்கள் போயின. “அப்போது லாரி ஓடவில்லையே, அதைப் பயன்படுத்தியதாக எப்படிச் சொல்லலாம்?” என்று வாதம் எழுந்தது. 1991ல் உச்சநீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அசையாமல் கிடந்த நேரமும் பயன்பாடுதான் என்றது. ஆகவே தெருவோரத்திலே நிற்கும் வண்டி ‘சாலையை விட்டு விலகிய’ வண்டி அல்ல. சொந்த இடத்துக்குள்ளே, கொட்டகைக்குள்ளே, கேட்டுக்குள்ளே நிற்பதுதான் விலகிய வண்டி.

அப்படிக் கொட்டகைக்குள்ளே நிற்கும் வண்டிக்கும் காப்பீட்டை அறுத்தெறிவதற்கு முன் நாலு தடவை யோசியுங்கள். தீப்பிடிக்கலாம், திருடு போகலாம், பேட்டரி ஏற்ற, எப்.சி. காட்ட, ஒரு நாள் வெளியே எடுக்க நேரலாம். அந்த ஒரு நாளிலே ஒருவன் குறுக்கே வந்துவிட்டால்? நட்டஈட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகை உங்கள் வீட்டிலிருந்து, உங்கள் வயலிலிருந்து போகும். வண்டியையே ஏலம் போட்டுப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கவும் முடியும். கணக்கும் பாருங்கள்: 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 2,094 ரூபாய். ஆயிரத்து ஐந்நூறு சி.சி. வரை 3,416 ரூபாய். முழுக் காப்பீடு எடுத்தவர், அது முடிந்து தொண்ணூறு நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், ஆண்டாண்டாய்ச் சேர்ந்த ‘கிளெயிம் இல்லாப் போனஸ்’ ஓடிப்போய்விடும். ஐம்பது சதவீதம் வரை வளரக்கூடிய சலுகை அது.

இந்தக் காப்புரிமையை வலுப்படுத்தியதிலே தமிழருக்கும் பங்கு உண்டு. கோவை அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைச் சாவுகளைத் தடுக்கக் கோரித் தொடுத்த வழக்கிலேதான், 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்றாண்டு, புது இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்ற உத்தரவு பிறந்தது. முறிந்த எலும்புகளைக் கண்ட மருத்துவர் கேட்ட நியாயம் அது. அதை நாம் தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் நிறுத்தி வைத்த வண்டியின் சொந்தச் சேதக் காப்பீட்டிலே, நின்ற மாதங்களுக்கு ஈடு தரும் ஏற்பாடு பழைய இந்திய மோட்டார் கட்டண விதிகளிலே இருந்ததே! அதை வண்டிக்காரரிடம் எடுத்துச் சொன்ன ஏஜெண்டு எத்தனை பேர்?

இனி, திரும்ப ஓடப்போவதே இல்லை என்று ஓய்ந்த வண்டி. இதை என்ன செய்கிறோம்? காயலான் கடைக்காரரைக் கூப்பிடுகிறோம்; பேரம் பேசுகிறோம்; பணத்தை எண்ணுகிறோம்; வண்டி போகிறது. ஆனால் பெயர் போகவில்லை தோழர்களே! பதிவேட்டிலே அது இன்னும் உங்கள் பெயரிலேதான் நிற்கிறது. அந்த எண்ணை, அந்த சேசிஸை, எவனாவது எங்காவது ஓட்டி விபத்து நடந்தால், விரல் உங்களை நோக்கித்தான் நீளும். 2018 பிப்ரவரியிலே உச்சநீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டிலே எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பாளி.

சட்டத்தின் 55ஆம் பிரிவு வழி சொல்கிறது: வண்டி அழிந்துபோனாலோ, நிரந்தரமாகப் பயனற்றுப் போனாலோ, பதினான்கு நாளுக்குள் அல்லது இயன்ற விரைவிலே பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை நீக்க வேண்டும். 2021ல் வந்த விதிகளின்படி பதிவு பெற்ற உடைப்பு நிலையத்திலே வண்டியை ஒப்படைத்தால் ‘வைப்புச் சான்று’ கிடைக்கும்; அதைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் சொந்த வண்டிக்கு இருபத்தைந்து சதவீதம் வரை, வாடகை வண்டிக்குப் பதினைந்து சதவீதம் வரை வரிச்சலுகை தர மாநிலங்களுக்கு வழி வைத்திருக்கிறார்கள். செத்தவனுக்கு இறப்புச் சான்று வாங்குகிறோமே, வண்டிக்கு மட்டும் ஏன் வாங்குவதில்லை?

இத்தனை வேலைகளுக்கும் யாரிடம் போவது? இங்கேதான் நம் இயக்கம் காலமெல்லாம் சொல்லிவந்த சங்கதி வந்து சேர்கிறது. அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலே வண்டி மீதான வரி மாநிலப் பட்டியலிலே, 57ஆம் இனம். காப்பீடு ஒன்றியப் பட்டியலிலே, 47ஆம் இனம். மோட்டார் வண்டிச் சட்டம் பொதுப் பட்டியலிலே, 35ஆம் இனம். வண்டி ஒன்று, எசமானர் பலர்! பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை, 2022 ஏப்ரலிலே அறுநூறு ரூபாயிலிருந்து ஐயாயிரமாக உயர்த்தியது டில்லி. 2025 ஆகஸ்டிலே இருபது ஆண்டு கடந்த காருக்கு அதைப் பத்தாயிரமாக்கியதும் டில்லி. அதைக் கட்ட முடியாமல் கைபிசைந்து நிற்பவன் மட்டும் தென்காசிக்காரன்!

1974ஐ நினைவுபடுத்துகிறோம். அந்த ஆண்டிலேதான் கலைஞர் ஆட்சியிலே தமிழகச் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டிலேதான் 1931ஆம் ஆண்டுச் சென்னை மோட்டார் வரிச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டமும் வந்தது. உரிமை கேட்ட கை, கையிலிருந்த உரிமையைக் கொண்டு சட்டமும் செய்தது. அந்தச் சட்டம் சென்னைக் கோட்டையிலே திருத்தக்கூடியது. டில்லியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டிய வேலை அல்ல. கையிலே இருக்கும் அதிகாரத்தைக் கொண்டு எளியவனுக்கு நியாயம் செய்தால்தான், இல்லாத அதிகாரத்தைக் கேட்கும்போது நம் குரலுக்கு வலிமை!

பிரிட்டனிலே 1998 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ‘என் வண்டி சாலையிலே இல்லை’ என்று உரிமையாளர் அறிவித்தால் போதும். மீதமுள்ள முழு மாதங்களுக்கான வரி திரும்பிவிடுகிறது. பிறகு அந்த வண்டி பொதுச் சாலையிலே இருக்கக்கூடாது. 2011 முதல், ஒன்று காப்பீடு இருக்கவேண்டும், இல்லையேல் இந்த அறிவிப்பு இருக்கவேண்டும் என்று கறாராக்கினார்கள். வரியிலே தாராளம், காப்பீட்டிலே கண்டிப்பு! நாம் கேட்பதும் அதுதான்.

“மாதக் கணக்கு வைத்தால் ஏமாற்றுவார்களே!” என்று கருவூலம் கவலைப்படும். ஏமாற்ற எங்கே இடம்? சுங்கச் சாவடியிலே பாஸ்டேக் படிக்கிறது. சோதனைச் சாவடியிலே கேமரா பார்க்கிறது. அபராதச் சீட்டு கைபேசிக்கே வருகிறது. வண்டி ஓடியதைப் பிடிக்க இத்தனை கண் இருக்கும்போது, வண்டி நின்றதை ஒப்புக்கொள்ள ஒரு கண் இருக்கக்கூடாதா? அறிவித்துவிட்டு ஓட்டியவனுக்கு அபராதம் போடுங்கள், அதை வரவேற்போம். ஒருவன் ஏமாற்றுவான் என்பதற்காக உண்மையாக நிறுத்தியவன் தலையிலே வரி வைக்காதீர்கள்.

ஆகவே கேட்கிறோம்: வரிக்கு அளவுகோல் காலாண்டு அல்ல, மாதம் ஆகட்டும். நிறுத்தும் அறிவிப்பு ஒரே பக்கத் தமிழ்ப் படிவமாகட்டும். கைபேசியிலேயே கொடுத்துக் கைபேசியிலேயே அத்தாட்சி பெறும்படி இருக்கட்டும். அருவியிலே நீண்ட நாள் தடை போட்டால், அந்த நாட்களுக்குச் சீசன் வண்டிகளின் வரியைத் தள்ளிக் கொடுக்கட்டும். ஓய்ந்த வண்டியின் பதிவை நீக்க ஊர் ஊராக முகாம் நடக்கட்டும். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானதே, எதற்கு? திருநெல்வேலிக்குப் போன அலைச்சல் தீரத்தானே? டி.என். 76 என்று எண் மட்டும் சொந்தமாக இருந்தால் போதாது. நியாயமும் இந்த மண்ணுக்குச் சொந்தமாக வேண்டும்.

வண்டிக்காரத் தோழர்களுக்கும் ஒரு சொல். உரிமை கேட்பவன் கடமை தவறக்கூடாது. இந்த மாதமே ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். காப்பீட்டுத் தேதியைப் பாருங்கள். நிறுத்துவதானால் எழுத்திலே நிறுத்துங்கள். விற்பதானால் பெயரோடு விற்றுவிடுங்கள். உடைப்பதானால் பதிவோடு உடையுங்கள். சங்கமாகச் சேர்ந்து மனு எழுதுங்கள். ஒருவராகக் கேட்டால் முணுமுணுப்பு, ஆயிரவராகக் கேட்டால் முழக்கம்!

ஓடாத வண்டிக்கு வரி கேளாதே! ஓடும் வண்டியைக் காப்பின்றி விடாதே! முன்னது அரசுக்கு நாம் சொல்வது; பின்னது நமக்கு நாமே சொல்லிக்கொள்வது. இரண்டும் சேர்ந்து ஒலிக்கட்டும், ஐந்தருவியின் ஓசையையும் மிஞ்சி!